நிலமும் பொழுதும் நோக்கும்: முல்லைப் பெரியாறு அணைச் சிக்கலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே பொருளைக் குறித்து இரு தரப்பினர் கொள்ளும் கருத்து மாறுபடும்போது, அதற்கு அறியாமையோ பகைமையோ காரணம் எனக் கருதுவது பொதுவழக்கு. தேனி மாவட்டம் கூடலூர் உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கிற்கும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திற்கும் இடையே நிலவும் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கலைச் சான்றாகக் கொண்டு, நோக்கு வேறுபாடு மாந்தர் வாழும் நிலத்தாலும் அவர்தம் நினைவு தொடங்கும் பொழுதாலும் உருவாவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முல்லைப் பெரியாறு, கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கு, முதற்பொருள், நோக்கு வேறுபாடு.

முன்னுரை

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுக்கிறது. கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றைச் சார்ந்தே எண்ணப்படுகின்றன. மாந்தரின் உணர்வு, வாழும் இடத்தோடும் காலத்தோடும் பிணைந்தது என்பது இவ்வகைப்பாட்டின் உட்கிடை. அகப்பாடல் மரபை விளக்க எழுந்த இக்கருத்து, இன்றைய மக்கள் ஒருவர் நோக்கை மற்றவர் உணர இடர்ப்படுவதை ஆராயவும் துணைசெய்யும். அதற்குத் தக்க களமாக முல்லைப் பெரியாறு அமைகிறது.

அணையும் இரு நிலங்களும்

1886ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. நீர்த்தேக்கத்திற்காக 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வாடகையில் வழங்கப்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்ட அணை 1895இல் பயன்பாட்டிற்கு வந்தது. மேற்கு நோக்கிப் பாயும் பெரியாற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. அந்நீர் கூடலூரை அடுத்த லோயர்கேம்ப்பில் மின்னாக்கத்திற்குப் பயன்பட்டு, பின் வைகையை அடைகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இதனை நம்பியுள்ளன. மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களும் பயன்பெறுகின்றன.

அணை நிற்பதோ இடுக்கி மாவட்டத்தில். அதற்குக் கீழே ஆற்றின் இயல்பான போக்கில் வண்டிப்பெரியாறு, உப்புதறை முதலிய ஊர்களும், அவற்றிற்கும் கீழே இடுக்கி நீர்த்தேக்கமும் உள்ளன. பாசனப் பயன் பெறுவோர் அணையின் கீழ் வாழவில்லை; அணையின் கீழ் வாழ்வோர்க்குப் பாசனப் பயன் இல்லை. நோக்கு வேறுபாட்டின் வேர் இந்நில அமைப்பிலேயே உள்ளது.

ஓர் அளவு, இரு பொருள்

அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. 1979இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. சுரங்கத்தின் வழியே நீர் எடுக்க வேண்டுமானால் மட்டம் 104 அடிக்கு மேல் இருத்தல் வேண்டும். எனவே கூடலூர் உழவர் அளக்கத் தொடங்கும் இடம் 104. அவருக்குரிய 48 அடியில் 16 அடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு, குறைந்தது. நீர்த்தேக்கம் மேலே செல்லச் செல்ல அகன்று விரிவதால், மேலுள்ள அடிகளிலேயே நீர் மிகுதியாக நிற்கும். ஆகவே நீரின் அளவில் அவர் இழந்தது அப்பங்கினும் பெரிது.

வண்டிப்பெரியாற்றில் வாழ்பவர்க்கு 104 என்ற எண்ணால் பயனில்லை. அவருக்கு ஒவ்வோர் அடியும் தம் வீட்டிற்கு மேலே நிற்கும் நீரின் எடை. மட்டம் 142ஐ எட்டும் நாள் கூடலூரில் மகிழ்ச்சிக்குரியது. அங்கே உறக்கம் கெடும் நாள். இருவரும் ஒரே அளவுகோலைத்தான் படிக்கின்றனர். ஒருவர் அதில் இருப்பைக் காண, மற்றவர் சுமையைக் காண்கிறார்.

பொழுதின் வேறுபாடு

நினைவு தொடங்கும் காலமும் இரு பக்கத்திலும் வேறு. தமிழகப் பக்கத்தில் வரலாறு 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்திலிருந்து தொடங்குகிறது. பசி, அதனைப் போக்கிய அணை, அணையைக் கட்டியவர் என அது வளர்கிறது. பென்னிகுவிக்குக்கு 2013இல் லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டதும், அவர் பிறந்தநாளான ஜனவரி 15இல் பொங்கலிடப்படுவதும் இந்நினைவின் வெளிப்பாடுகள்.

கேரளப் பக்கத்தில் கதை 1886இல் தொடங்குகிறது. திருவிதாங்கூர் மன்னர் விருப்பமின்றிக் கையெழுத்திட்டார் என்பதே அங்கு வழங்கும் நினைவு. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மோர்பியில் மச்சு அணை உடைந்து பேரழிவு நேர்ந்தது. அதன்பின் உடன்படிக்கை குறித்த மனக்குறையோடு உயிரச்சமும் சேர்ந்தது. பஞ்சத்தில் தொடங்கும் கதையில் அணை மீட்பு. ஒப்பந்தத்தில் தொடங்கும் கதையில் அதே அணை திணிப்பு.

சான்றுகள் ஏன் ஐயத்தை நீக்கவில்லை

உண்மை தெரிந்தால் வேறுபாடு மறையும் என்பது பரவலான நம்பிக்கை. இங்கு அது பொய்த்தது. 1979க்குப் பின் அணையின் மேல் கான்கிரீட் பூச்சு, எஃகு வடங்களால் நங்கூரமிடல், பின்புறக் கான்கிரீட் தாங்கல் ஆகிய பணிகள் நடைபெற்றன. 2006 பிப்ரவரி 27இல் 142 அடி வரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் இசைவளித்தது. அடுத்த மாதமே 136 அடியை வரம்பாக்கிக் கேரளச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்து, 142 அடியை உறுதிசெய்தது. சட்ட வினா முடிந்தது, அச்சம் முடியவில்லை. 2018 வெள்ளத்தின்போதும் 2024 வயநாடு நிலச்சரிவின் பின்னரும் அது மீண்டும் எழுந்தது.

இதற்குக் காரணம், ஒரே சான்றிலிருந்து எதிரெதிர் முடிவுகளைப் பெற இயல்வதே. நூறாண்டுக்கு மேல் நிற்பதால் அணை வலுவானது என்பது ஒரு முடிவு. நூறாண்டைக் கடந்ததால் நலிந்தது என்பது மற்றொன்று. தீர்வுகளும் இவ்வாறே திரிந்து தோன்றுகின்றன. புதிய அணை கட்டலாம், தமிழகத்திற்கு நீர் தொடரும் என்று கேரளம் கூறும்போது, 1886 உடன்படிக்கையின் உரிமையைப் பறிக்கும் வழியாகவே தமிழகம் அதனைக் காண்கிறது. வல்லுநர் குழு அணை உறுதியானது என அறிவித்துவிட்டது என்று தமிழகம் கூறும்போது, தம் உயிரைப் பொருட்படுத்தாத சொல்லாகவே இடுக்கி மக்கள் அதனைக் கேட்கின்றனர். தாம் உணராத அச்சத்தைப் பிறரிடம் காணும்போது அதனைச் சூழ்ச்சி எனக் கருதுவதே இருபுறமும் நிகழ்கிறது. கேரளத்தின் உயிரச்சம் இங்கு அரசியலாகவும், தமிழகத்தின் வறட்சியச்சம் அங்குப் பேராசையாகவும் படிக்கப்படுகின்றன.

மொழி காரணமாகுமா?

இச்சிக்கலைத் தமிழர், மலையாளிகள் என்ற மொழிப் பிரிவாகக் காண்பது எளிது. ஆனால் அணைக்குக் கீழுள்ள வண்டிப்பெரியாற்றின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஆறு பெருகினால் அவர்கள் வீடும் அதே கரையில்தான் உள்ளது. நோக்கைத் தீர்மானிப்பதில் மொழியினும் நிலமே முந்துகிறது என்பதற்கு இது சான்று.

கூடலூர், கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் இரு நிலங்களையும் அறிந்தவர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் காய்கறி மலையேறுகிறது. மலையின் ஏலக்காய் போடிநாயக்கனூர் ஏலத்திற்கு இறங்குகிறது. எனினும் 2011 டிசம்பரில் எல்லையில் போராட்டம் மூண்டபோது முதலில் வேலை இழந்தவர்கள் இத்தொழிலாளர்களே. இரு பக்கமும் அறிந்தவர்கள் இருந்தும் அவர்தம் அறிவு வழக்கு மன்றத்திற்கோ பேச்சு மேடைக்கோ சென்று சேரவில்லை. இருபுறமும் தமக்காகப் பேசியோர், தம் நிலத்தில் மட்டும் நின்று பேசியோரே.

முடிவுரை

பிறர் நோக்கை உணர்தல் என்பது அதற்கு உடன்படுதல் அன்று. கூடலூர் உழவர் தம் நீருரிமையை விட்டுக்கொடாமலே, தலைக்கு மேல் நீர் நிற்கும் வாழ்வின் அச்சத்தை மெய்யென ஏற்க இயலும். வண்டிப்பெரியாற்றில் வாழ்பவர் தம் பாதுகாப்பு வேண்டுகையைக் கைவிடாமலே, 16 அடி குறைந்தபோது வயலில் நேர்ந்ததை அறிய இயலும். எதிர்த்தரப்பின் வாதத்தை அத்தரப்பினரே ஒப்பும் வகையில் எடுத்துரைக்க முடிவதே புரிதலின் அளவுகோல். 2022இல் உச்ச நீதிமன்றம் மேற்பார்வைக் குழுவில் இரு மாநிலங்களிலிருந்தும் தலா ஒரு தொழில்நுட்ப வல்லுநரைச் சேர்க்கப் பணித்தது. அம்மேசையில் 104இலிருந்து எண்ணுபவரும் 142ஐக் கண்டு அஞ்சுபவரும் ஒருவர் கணக்கை மற்றவர் படிக்கத் தொடங்கினால், தீர்ப்புகள் தொடாத இடத்தைப் புரிதல் தொட வழியுண்டு.