பேட்டி மேடையா, வழக்கு மன்றமா?
தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சிகள் பற்றி ஒரு வணிகனின் பார்வை

தில்லி கரோல் பாகில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்துப் பிழைப்பவன் நான். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்த படிப்புதான். சமணக் குடும்பம் ஆகையால் பொழுது சாய்வதற்கு முன்பே கடையில் தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பாட்டை முடித்துவிடுவேன். ராத்திரி வீட்டுக்கு வந்தால் எனக்கும் டி.வி. பெட்டிக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டு கூடக் குறுக்கே வராது! அப்படிப் பார்த்துப் பார்த்துத் தோன்றியவற்றை மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேட்டி நிகழ்ச்சி பார்த்தேன். வந்தவர் ஓர் அரசியல்வாதி. அவர் மேல் ஒரு பணக் குற்றச்சாட்டு இருந்தது. நாளிதழில் தொடர்ந்து படித்துவந்த எனக்கு அந்த மனிதர் மேல் கோபமும் இருந்தது. அவரோ சிரிக்கச் சிரிக்கப் பேசினார். தாயாரைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கினார். பழைய சினிமாப் பாட்டு ஒன்றையும் முணுமுணுத்தார். கூட்டம் கைதட்டியது. “பரவாயில்லை, நல்ல மனுஷன்தான் போலிருக்கு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள் காலை என் பேரன் கேட்டான்: “தாத்தா, அந்தப் பணம் எங்கே போச்சுன்னு கேட்டாங்களே, அதுக்கு அவர் என்ன சொன்னார்?” யோசித்தேன். மூன்று நகைச்சுவைத் துணுக்குகள் ஞாபகம் வந்தன. பதில் மட்டும் வரவில்லை. ஒரு டஜன் டம்ளர் வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்து, எடை போட்டு வாங்குகிறவன் நான். நாட்டை ஆள வருகிற ஆளை எடை போடாமலே வாங்கிவிட்டேனே! அன்றிலிருந்து கையில் காகிதமும் பென்சிலும் இல்லாமல் இந்த நிகழ்ச்சிகளைப் பார்ப்பதில்லை.

இரண்டு அறைகள் ஒன்றான கதை

முற்காலத்தில் தூர்தர்ஷனில் இவை தனித்தனி அறைகளாகத்தான் இருந்தன. திரைக் கலைஞர்களோடு உரையாட தபஸ்ஸும் அம்மையாரின் ‘பூல் கிலே ஹை குல்ஷன் குல்ஷன்’ 1972இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அமைச்சர்களிடம் பொதுமக்கள் நேரடியாகக் கேள்வி கேட்க ‘ஜன்வாணி’ 1985இல் வந்தது. வினோத் துவா அதை நடத்தினார். நடிகருக்கு ஒரு நாற்காலி, அமைச்சருக்கு ஒரு நாற்காலி. கலப்படம் கிடையாது.

1992இல் ஜீ டி.வி. வந்தது. தனியார் அலைவரிசைக்கு விளம்பரம்தான் வருமானம், விளம்பரத்துக்குக் கூட்டம் வேண்டும். வெறும் அரசியலை உட்கார்ந்து பார்ப்பவர் குறைவு. வெறும் சினிமாவோ எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால்? நெடுந்தொடர் எடுப்பதைவிடச் செலவும் குறைவு. அமெரிக்காவிலும் அதே 1992இல் அதிபர் வேட்பாளர் பில் கிளிண்டன், ஆர்செனியோ ஹாலின் இரவு நேர நிகழ்ச்சியில் கறுப்புக் கண்ணாடி அணிந்து சாக்ஸபோன் வாசித்தார். ஆண்டு முடிவதற்குள் தேர்தலில் வென்றார். வாசித்ததால்தான் வென்றார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசியல்வாதிகள் எல்லோரும் அதைக் கவனித்தார்கள் என்பதில் ஐயமில்லை.

கூண்டில் ஏறும் விருந்தாளி

நம் நாட்டில் இந்த வகையில் நெடுங்காலம் நிலைத்தது ‘ஆப் கி அதாலத்’. அதாவது ‘உங்கள் நீதிமன்றம்’. ரஜத் சர்மா 1993இல் ஜீ டி.வி.யில் தொடங்கினார். அவர் 2004இல் இந்தியா டி.வி.யை நிறுவிய பிறகு நிகழ்ச்சி அங்கே குடியேறியது. 2015இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது.

அமைப்பு எளிமையானது. விருந்தாளி சாட்சிக் கூண்டு போன்ற மரச் சட்டத்துக்குள் உட்காருவார். ரஜத் சர்மா அரசு வழக்கறிஞர் மாதிரி எதிரே இருந்து, “உங்கள் மேல் குற்றச்சாட்டு என்னவென்றால்...” என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். சுற்றிலும் பார்வையாளர்கள், அவர்களும் கேள்வி கேட்கலாம். உயரத்தில் நீதிபதியாக ஒரு பிரமுகர் அமர்ந்திருப்பார். கடைசியில் அவர் தீர்ப்புச் சொல்வார். லாலு பிரசாத் யாதவும் பால் தாக்கரேயும் உட்கார்ந்த அதே கூண்டில் ஷாருக் கானும் சல்மான் கானும் உட்கார்ந்தார்கள். 2014 மக்களவைத் தேர்தல் நேரத்தில் நரேந்திர மோடியும் வந்தார்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. நாளிதழே படிக்காத என் கடைப் பையன்களுக்கு, இன்னார் மேல் இன்ன குற்றச்சாட்டு இருக்கிறது என்பதே இந்த நிகழ்ச்சியால்தான் தெரிந்தது. பெரிய மனிதர்கள் பொதுமக்கள் முன்னால் தங்கள் மேல் சொல்லப்படும் பழியை உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. அதுவே ஒரு படி முன்னேற்றம். என் இந்திக்கும் இந்த நிகழ்ச்சிதான் வாத்தியார்.

ஆனால் தீர்ப்பைக் கவனியுங்கள். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் கௌரவமான விடுதலைதான். வீட்டுக்கு அழைத்த விருந்தாளியைத் தண்டிக்க முடியுமா? தண்டித்தால் அடுத்த வாரம் யார் வருவார்கள்?

சமையலறையில் நடப்பது

இத்தகைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரலை அல்ல. முன்னதாகவே பதிவு செய்து, வெட்டி ஒட்டி ஒளிபரப்புகிறார்கள். பேச்சின் நடுவே கூட்டத்தில் ஒருவர் சிரிப்பதைக் காட்டினால், அவர் அந்தப் பேச்சுக்குத்தான் சிரித்தார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் வேறொரு நிமிடத்துச் சிரிப்பையும் அங்கே ஒட்டலாம். காரமான கேள்வி வரும்போது விளம்பர இடைவேளை விட்டால் நாம் எழுந்து போக மாட்டோம். நடிகர்கள் பெரும்பாலும் புதுப்படம் வெளியாகும் வாரத்தில் வருகிறார்கள். அரசியல்வாதிகள் தேர்தலையொட்டி வருகிறார்கள். கடை ஜன்னலில் வைத்த சரக்கு வேறு, கிடங்கில் இருக்கும் சரக்கு வேறு. வியாபாரிக்கு இது புதிதல்ல.

இதற்கெல்லாம் தராசு, பார்வையாளர் அளவை. 2015 முதல் பார்க் என்ற அமைப்பு வாராவாரம் இந்தக் கணக்கை வெளியிட்டு வருகிறது. அந்தத் தராசிலேயே கை வைத்ததாகப் புகார் எழுந்து, 2020 அக்டோபரில் செய்தி அலைவரிசைகளின் கணக்கை நிறுத்திவைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் மறுபடி தொடங்கினார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத்தான் இந்தத் தராசு காட்டும். பதில் மெய்யா பொய்யா என்று அது காட்டாது.

ஒருவரே, இரண்டு நாற்காலிகள்

நம் தமிழகத்து உதாரணமே ஒன்று உண்டு. 1999இல் சிமி கரேவாலின் நிகழ்ச்சியில் ஜெயலலிதா அம்மையார் பேசினார். அதே ஆண்டில்தான் அவர் ஆதரவை விலக்க, வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. பேட்டியிலோ தாயார் சந்தியா, குழந்தைப் பருவம், தனிமை என்று மனம் திறந்தார். இந்திப் பாட்டும் பாடினார். பார்த்தவர்கள் உருகினார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 2004இல், முதலமைச்சராக இருக்கும்போது பி.பி.சி.க்காகக் கரண் தாப்பரிடம் பேசினார். சோதிட நம்பிக்கை முதல் ஆட்சி முடிவுகள் வரை அடுக்கடுக்கான கேள்விகள். கோபம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் உங்களோடு பேசியதில் மகிழ்ச்சியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டும் உண்மையான ஜெயலலிதாதான். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்பது எங்கள் அநேகாந்தக் கொள்கை. முதல் பேட்டி மனுஷியைக் காட்டியது. இரண்டாவது, ஆட்சியாளர் கேள்வியை எப்படி எதிர்கொள்கிறார் என்று காட்டியது. எது எதற்கானது என்பதில் பார்ப்பவருக்குக் குழப்பம் வரவில்லை. கலப்பு நிகழ்ச்சியில்தான் சிக்கல். மனிதரைப் பார்த்த திருப்தியை, பதில் கிடைத்த திருப்தி என்று நாம் தப்பாக வரவு வைத்துவிடுகிறோம்.

நம் மரபில் வழக்கு

வழக்காடுவது தமிழனுக்குப் புதிதா? சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவைக்குள் நுழைந்தாள். அவள் கண்ணீருக்காக அரசன் தோற்கவில்லை. சிலம்பு உடைந்தது, தெறித்தது மாணிக்கம். அரசியின் சிலம்பிலோ முத்து. சான்று பேசிய பிறகுதான் அவன் தன் பிழையை உணர்ந்தான். நீலகேசி என்னும் சமண நூலில் நாயகி ஊர் ஊராகப் போய்ப் பல சமயத்தாரோடு வாதம் செய்கிறாள். அங்கும் வெற்றியைத் தந்தது தருக்கந்தான்.

பட்டிமன்றமும் நமக்குண்டு. அதிலும் நடுவர் உண்டு, கைதட்டல் உண்டு, தீர்ப்பு உண்டு. ஆனால் கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று எப்படித் தீர்ப்புச் சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை. அது விளையாட்டு என்று மேடையில் இருப்பவருக்கும் தெரியும், கீழே இருப்பவருக்கும் தெரியும். டி.வி. கூண்டில் இருப்பவரோ நாளைக்கு வரி போடப் போகிறவர், சட்டம் எழுதப் போகிறவர். பட்டிமன்றத் தீர்ப்பை நிஜத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனால் நட்டம் நமக்குத்தான்.

அதிலும் வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஊரில் இருந்தால் டீக்கடையில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். இங்கே நம் பிள்ளைகளுக்கு இந்த மண்ணின் அரசியலும் சரி, தமிழகத்து அரசியலும் சரி, பெரும்பாலும் திரை வழியாகத்தான் தெரிகிறது.

வீட்டில் செய்யக்கூடியது

பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானே பார்க்கிறேன். ஆனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு காகிதத்தை மூன்றாக மடியுங்கள். முதல் பத்தியில் கேள்வி, இரண்டாவதில் பதில், மூன்றாவதில் அந்தப் பதிலின் மேல் மறு கேள்வி கேட்கப்பட்டதா என்பது. இந்த மூன்றாவது பத்திதான் உரைகல். மறு கேள்வி இல்லாத இடத்தில் சிரிப்பும் பாட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நடிகர் வந்தால் இந்தக் காகிதம் வேண்டாம், ரசித்துவிட்டுப் போகலாம்.

யார் வாயிலிருந்து வந்தாலும் சொன்ன பொருளின் மெய்யைப் பார்க்கச் சொன்னவர் நம் வள்ளுவர். அவர் வழியில் இப்போது எங்கள் வீட்டில் தீர்ப்பெழுதுவது என் பேரன். போன மாதம் ஒரு பேட்டி முடிந்ததும் காகிதத்தை நீட்டினான். இரண்டாவது பத்தியில் நிறைய இடம் வெறுமையாக இருந்தது. “தாத்தா, இவர் ரொம்ப நல்லாப் பேசினார். ஆனா ஒண்ணுமே சொல்லலையே!” என்றான்.

எனக்கு அது போதும்.