கிடாரி லட்சணம்

காங்கேயம் காளையை அறியாத தமிழர் அபூர்வம். மலை போன்ற திமிலையும், கறுத்து மின்னும் கழுத்தையும், வளைந்து உயர்ந்த கொம்புகளையும் நேரில் காணாதவர்கள் படத்திலாவது கண்டிருப்பார்கள். 2017-ம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னைக் கடற்கரையில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டபோது, நாட்டு மாடுகளின் பெருமையை நாடெங்கும் பேசினார்கள். அந்தப் பெருமையில் பெரும் பங்கு காளைக்கே போய்ச் சேர்ந்தது. காளையைப் பெற்ற பசுவைப் பற்றியும், நாளைக்குக் காளையைப் பெறப் போகும் கிடாரியைப் பற்றியும் பேச்சு அதிகம் எழவில்லை.

உண்மையில், ஓர் இனம் வாழ்வதும் தேய்வதும் கிடாரியைப் பொறுத்த விஷயம். கொங்கு நாட்டார் 'பூச்சிக்காளை' என்று சொல்லும் பொலிகாளை நல்லதாக ஒன்று இருந்தால், சுற்று வட்டாரத்துப் பசுக்கள் பலவற்றுக்குப் போதும். பசுவோ பொதுவாக ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றுதான் ஈனும். ஆகவே எந்தக் கிடாரியைக் கட்டுத்தறியில் நிறுத்திக் கொள்வது, எதை விற்றுவிடுவது என்று ஒரு குடியானவர் செய்யும் முடிவில் அந்த இனத்தின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

முன் காலத்தில் இந்த முடிவு அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. கிணற்றில் கவலை இறைக்கவும், ஏர் உழவும், பாரவண்டி இழுக்கவும் காங்கேயம் எருதுகள் தேவைப்பட்டன. பிறகு மின்சார பம்பு செட்டும், டிராக்டரும், லாரியும் வந்தன. பாலுக்காக ஜெர்ஸி, ஹோல்ஸ்டீன் கலப்பு மாடுகளும் பரவின. காங்கேயம் பசு பாலுக்குப் பேர் போனதன்று. ஒரு ஈற்றுக்கு 500 லிட்டரை ஒட்டித்தான் பொதுவாகக் கறக்கும். ஆகையால் அது தன் தீனிக்கு வேண்டிய செலவைக் கன்றுகளின் மூலமாகவே ஈடு செய்தாக வேண்டும். காலா காலத்தில் சினை பிடிக்காத பசுவை ஏழைக் குடியானவரால் எத்தனை நாள் வைத்துக் காப்பாற்ற முடியும்? அது ஒரு நாள் சந்தைக்குப் போகும். அதோடு அந்த வீட்டில் காங்கேயம் மாடும் முடிந்து போகும்.

முதலில் தாய்

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பார்கள். பெண் பார்க்கும் படலத்துக்கு இந்தப் பழமொழி எவ்வளவு பொருந்துமோ தெரியாது; கிடாரி பார்க்கும் படலத்துக்கு மிகவும் பொருந்தும். தாய் இதுவரை எத்தனை கன்று ஈன்றது? ஈற்றுக்கும் ஈற்றுக்கும் எவ்வளவு இடைவெளி? பிறர் உதவியின்றித் தானே ஈன்றதா? கன்றுக்குப் போதிய பால் ஊட்டியதா? இந்த நாலு கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஐந்தாவது கேள்வியும் ஒன்று உண்டு. கிடாரி இரட்டைக் கன்றுகளில் ஒன்றாகப் பிறந்ததா? உடன் பிறந்தது காளைக் கன்றானால் அந்தக் கிடாரியை விட்டுவிடுவதே மேல். கருப்பையில் இரண்டின் ரத்தமும் கலந்துவிடுவதால், அப்படிப் பிறந்த கிடாரிகளில் 100-க்கு 90-க்கு மேல் மலடாகிவிடும். வெளித் தோற்றத்தில் குறை ஒன்றும் தெரியாது.

மாமிசத்துக்காகவே மாடு வளர்க்கும் மேல் நாட்டாரும் தாயின் அருமையை அறிந்தவர்கள்தான். ஸ்காட்லாந்தில் கொம்பில்லாத கறுப்பு ஆங்கஸ் மாட்டினத்தை உருவாக்கியவர்களில் ஹ்யூ வாட்ஸன் என்பவர் முக்கியமானவர். அவரிடம் 1824-ம் ஆண்டில் பிறந்த 'ஓல்ட் கிரானி', அதாவது 'கிழப் பாட்டி' என்னும் பசு, 35 வயதுக்கு மேல் உயிர் வாழ்ந்து 29 கன்றுகளை ஈன்றது. அந்த இனத்தின் வம்சாவளிப் புத்தகத்தை அச்சிட்டபோது பசுக்களில் முதலாம் எண்ணை அதற்கே கொடுத்தார்கள். எடையும் சதையும் வேண்டியவர்கள்கூட, நீண்ட நாள் வாழ்ந்து நிறையக் கன்று போட்ட தாய்க்குத்தான் முதல் மரியாதை செய்தார்கள்.

பிறகு உடல்

கிடாரியை நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்கு முன் நடக்க விட்டுப் பார்க்க வேண்டும். காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகள், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளர்ந்த மானாவாரி மேய்ச்சல் நிலங்கள். அங்கே நாள் முழுவதும் நடந்து மேய வேண்டிய பிராணிக்குக் காலே மூலதனம். பின்னங்கால் கம்பு போல் விறைத்திருந்தாலும், அரிவாள் போல் அதிகமாக வளைந்திருந்தாலும், முழங்கால்கள் ஒன்றோடொன்று உராய்ந்தாலும் தள்ளிவிட வேண்டியதுதான். குளம்புகள் இறுகி, விரல் இரண்டும் ஒரே அளவாக இருப்பது நல்லது.

அடுத்தாற்போல் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். முதுகு நேராகவும், மார்பு ஆழமாகவும், விலா எலும்புகள் நன்றாக வெளியே வளைந்தும் இருந்தால் நுரையீரலுக்கும் இரைப்பைக்கும் இடமுண்டு. பிற்பாடு கன்றுக்கும் இடமுண்டு. பின்னால் நின்று நோக்கும்போது இடுப்பு அகன்றிருக்க வேண்டும். வால் அடியின் இரு புறமும் உள்ள எலும்பு முனைகள் இடுப்பு முனைகளைவிடச் சற்றே தாழ்ந்திருப்பது உத்தமம். இடுப்பு ஒடுங்கிய கிடாரிக்குத் தலையீற்றே கண்டமாக முடியலாம். மடியில் நாலு காம்புகளும் ஒரே அளவாக, விலகி அமைந்திருக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும்.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது வயதை அறிய உதவும். ஆனால் காளைக்கு விடுவதற்கு வயதைக் காட்டிலும் வளர்ச்சியே முக்கியம். முழு வளர்ச்சியடைந்த பசுவின் எடையில் 100-க்கு 60 முதல் 65 பங்கு வந்த பிறகே கிடாரியைச் சேர்க்கலாம். தராசு இல்லாத ஊரில் இதற்கு ஓர் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின் எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, மீண்டும் நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 56, நீளம் 46 என்றால் சுமார் 218 கிலோ. தாய்ப் பசு 340 கிலோ இருக்குமானால் மகள் தயாராகிவிட்டது என்று கொள்ளலாம். காங்கேயம் கிடாரி மூன்றரை வயதை ஒட்டியோ, அதற்குச் சற்றுப் பிறகோதான் முதற் கன்றை ஈனுவது வழக்கம். அவசரப்பட்டால் தாய்க்கும் கன்றுக்கும் நஷ்டம்.

ஏமாற்றும் அடையாளங்கள்

சந்தையில் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது, சுழிகளுக்கு இருக்கும் மதிப்பு கர்ப்பப்பைக்கு இருப்பதில்லை. ரோமம் எந்தப் பக்கம் சுழித்திருக்கிறது என்பதற்கும் சினை பிடிப்பதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சுழி பொல்லாதது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல கிடாரியைக் கழிப்பது, நமது செல்வத்தை நாமே வீதியில் எறிவதாகும்.

நிறத்தைக் கண்டும் மிரள வேண்டாம். காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் மயிலை நிறத்துக்கு மாறுவது சகஜம். அதிகக் கொழுப்பால் வரும் மினுமினுப்பைக் கண்டு மயங்கவும் கூடாது. இளமையில் மிதமிஞ்சிக் கொழுத்த கிடாரியின் மடியில் கொழுப்புச் சேர்ந்து பால் குன்றும். சினை பிடிப்பதும் தாமதப்படும்.

சித்திரை மாதத்தில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவையொட்டி நடக்கும் மாட்டுச் சந்தையில் காளைகளைச் சுற்றிக் கூட்டம் நெரியும். அவற்றின் அழகைப் போற்றுவது நியாயந்தான். கூடவே, வருஷம் தவறாமல் கன்று போட்ட பசுவுக்கும் அதன் மகளுக்கும் ஒரு மாலையும் ஒரு பரிசும் கொடுக்கும் வழக்கம் ஊர் தோறும் ஏற்பட வேண்டும். கிடாரிக்கு மதிப்பு உயர்ந்தால் அதை விற்கும் கை தயங்கும். கை தயங்கினால் கட்டுத்தறியில் இன்னும் ஒரு தலைமுறை நிற்கும்.