மலையின் நகர்வும் மக்களின் காத்திருப்பும்

மலைக்கு 'அசலம்' என்றொரு பெயர் வடமொழியில் உண்டு. அசையாதது என்பது அதன் பொருள். அருணாசலம், வேங்கடாசலம் என நம் நாவில் பயிலும் பெயர்களிலும் அச்சொல் உறைந்துள்ளது. மலையும் அசையும் என்பதை நார்வே நாட்டின் ரோம்ஸ்டால் பள்ளத்தாக்கு மக்கள் ஐந்தாண்டுக் காலம் பட்டறிந்தனர்.

அங்குள்ள மலையொன்றின் பெயர் மன்னென். (நம் 'மன்னன்' என்னும் சொல்லோடு இதற்கு ஒலியொற்றுமை மட்டுமே, 'மனிதன்' என்பது பொருள்.) அதன் ஒரு பகுதியான வெஸ்லமன்னென், அதாவது 'சிறுமனிதன்', 2014ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் விரைந்து நகரத் தொடங்கியது. அடிவாரத்தில் சில வீடுகளும் ரயில் பாதையும் இருந்தன.

பள்ளத்தாக்கில் நிறுவப்பெற்ற ராடார் கருவி பாறைமுகத்தை நோக்கி ரேடியோ அலைகளைச் செலுத்தும். திரும்பிவரும் அலையை முன்னர் வந்த அலையோடு ஒப்பிட்டால் மில்லிமீட்டர் அளவிலான நகர்வும் புலப்படும். எவரும் அப்பாறையின்மீது கால்வைக்க வேண்டுவதில்லை. சீராக ஊரும் பாறை நெடுங்காலம் நிற்கக்கூடும். நாளுக்கு நாள் விரைவு மிகும் பாறையே அஞ்சத்தக்கது. ஒன்றை வேகத்தால் வகுத்து வரும் எண்ணை நாள்தோறும் வரைபடத்தில் குறித்துவந்தால், கோடு சரிந்து சுழியை நோக்கிச் செல்லும். அது சுழியைத் தொடும் நாளே வீழ்ச்சியின் உத்தேச நாள். 1985இல் ஜப்பானிய ஆய்வாளர் புகுசோனோ வகுத்தளித்த முறை இது.

கணக்கு எளிது, மலை அதற்குக் கட்டுப்பட வேண்டுமே! மழைநீரும் பனியுருகிய நீரும் பிளவுகளில் புகுந்தால் சிறுமனிதன் விரைவான். உறைகுளிர் வந்தால் அடங்கிவிடுவான். அவன் விரைந்தபோதெல்லாம் மக்கள் வீடு நீங்கினர். அவன் அடங்கியபின் திரும்பினர். 2014க்கும் 2019க்கும் இடையில் 16 முறை இவ்வாறு நேர்ந்தது. 2017இல் மலைமீது நீரைப் பாய்ச்சி அப்பாறையை விழச்செய்யவும் முயன்றனர். அது விழவில்லை.

பத்தாம் முறை, பதினைந்தாம் முறை மூட்டை கட்டச் சொன்னால் யாருக்குத்தான் சலிப்பு வாராது? ஆயினும் அவற்றைப் பொய் எச்சரிக்கைகள் என்பது பொருந்தாது என்பேன். பாறை மெய்யாகவே விரைந்தது, பின்னர் அடங்கியது. 'விழக்கூடும்' என்று கருவி காட்டியதை 'விழும்' என்று கேட்பது நம் செவியின் பழக்கம்.

2019 செப்டம்பர் 5ஆம் நாள் இரவு ஏறத்தாழ 54,000 கனமீட்டர் பாறை சரிந்து விழுந்தது. அதற்குமுன் அதன் வேகம் நாளொன்றுக்கு மீட்டர் கணக்கில் உயர்ந்திருந்தது. அடிவார வீடுகளில் அப்போது எவருமில்லை; பாறைகள் அவ்வீடுகளை எட்டவுமில்லை.