கன்னடியன் கால்வாய்க் கரையில் பத்தமடை

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னே அமைந்துள்ள சிற்றூர் பத்தமடை. 1887-ஆம் ஆண்டில் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் இதுவே. மலாயாவில் வைத்தியராகப் பணிபுரிந்து, பின்னர் ரிஷிகேசத்தில் 1936-இல் தெய்வநெறிக் கழகத்தை நிறுவியவர் அவர். எனினும் ஊரின் பெயரைத் திசையெங்கும் கொண்டு சென்றது பாய்தான்.

பத்து மடைகள் இருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டதென்பர். மடைகளுக்கு நீர் தருவது கல்லிடைக்குறிச்சியை அடுத்த அணைக்கட்டில் தொடங்கும் கன்னடியன் கால்வாய். ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டது. நெல்லும் பாயும் இங்கு ஒரே நீரை நம்பியவை. வயலில் கோரை முளைத்தால் களையென்று சினந்து பிடுங்குகிறோம். அதன் இனத்தைச் சேர்ந்த ஆற்றங்கரைக் கோரையே நெசவாளிக்குச் சோறிடுகிறது!

பசுமையாக அறுத்த கோரையை நெடுக்கே கீறி வெயிலில் உலர்த்துவர். பிறகு ஓடும் நீரில் சில நாட்கள் ஊறவிட்டால் தண்டு பருத்துவிடும், மீண்டும் உலர்த்துவர். இடையில் மழை பிடித்துக்கொண்டால் நிறம் கறுத்துப் பாடெல்லாம் வீணாகும். நயமான பாய்க்குக் கோரையை நூல்போல் இன்னும் மெல்லியதாகக் கீறவேண்டும். பருத்தி அல்லது பட்டு நூலைப் பாவாக ஓட்டி, 100 முதல் 140 வரையிலான எண்ணிக்கையில் நெய்யும் இப்பாய் துணிபோல் மடியும். முன்னாளில் பதிமுகக் கட்டையின் செஞ்சாயம் ஏற்றினர். பிற்காலத்தில் இரசாயனச் சாயம் புகுந்தது.

நெய்வோர் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தினர். பெண்களின் உழைப்பே மிகுதி. இந்துக்களின் திருமணத்திற்கு மணமக்கள் பெயரை ஓரத்தில் பொறித்த பாயும் அவர்கள் கையால்தான் உருவாகிறது.

2012-13-இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். கூலியை உயர்த்தித் தராது. காவிரிக் கரையில் கரூர், முசிறிப் பகுதிகளில் கோரையைப் பயிராகவே வளர்க்கின்றனர். இயந்திரத் தறியும் ஓடுகிறது. பிளாஸ்டிக் பாயோ மலிவிலும் மலிவு. ஆகவே சாதாரணப் பாயில் விலைப்போட்டிக்கு நிற்பது வீண்முயற்சி என்பதே எமது கருத்து. வாரக்கணக்கில் கைவேலை கொள்ளும் நயப் பாய்க்கு முன்பணத்துடன் ஆர்டர் சேர்த்துக் கொடுப்பதே கூட்டுறவு முறைக்கு ஏற்ற பணி. கோரை வாங்கும் வேளையில் கையில் பணமிருந்தால், நெசவாளி வியாபாரியிடம் கடன்பட்டு, அவன் சொன்ன விலைக்குப் பாயை விட வேண்டியதில்லை.

வீட்டில் திருமணம் நிச்சயித்திருக்கும் அங்கத்தினர்கள், பெயர்களைப் பிழையின்றி எழுதி, இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே சொல்லிவைத்தல் நலம். மழைக்காலமாயின் இன்னும் முன்பே.