பன்றிக்கு இருமல், மனிதனுக்கு மூளைக்காய்ச்சல்

தம்புன் என்றால் பம்பளிமாஸ் பழம்தான் நினைவுக்கு வரும். பேராக்கில் ஈப்போவை ஒட்டிய அந்தச் சுண்ணாம்பு மலைப் பக்கத்தில்தான் 1998 செப்டம்பர் வாக்கில் பன்றிப் பண்ணை ஆட்கள் காய்ச்சலில் படுத்து, நினைவு தப்பத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொல்லிக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் இறந்தார்கள். அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். கொசு ஆள் பார்த்தா கடிக்கும்?

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கௌ பிங் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். மாதிரி வந்த ஊர் நெகிரி செம்பிலானின் கம்போங் சுங்கை நிப்பா. கிளம்பியது பேராக்கில், பெயர் விழுந்தது அந்தக் கம்பத்தின் தலையில்.

ஈப்போ அருகே 30,000 பன்றிகளுக்கு மேல் இருந்த ஒரு பண்ணையில், கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள். அந்த வைரஸைச் சுமக்கும் பழந்தின்னி வௌவால் பழத்தைச் சப்பிச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். எச்சில் பட்டது கீழே விழுந்தால் பன்றி விட்டுவைக்குமா? முதல் தடவை நுழைந்த வைரஸ் பண்ணைக்குள் பரவி அடங்கிவிட்டது. மறுபடி நுழைந்தபோது வளர்ந்த பன்றிகளுக்கு எதிர்ப்பு இருந்தது. தாய் தந்த எதிர்ப்பு தீர்ந்த குட்டிகளோ அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. கிருமிக்குத் தீனி வற்றவில்லை. நுரையீரலில் பெருகி, தூரத்திலேயே கேட்கும்படி பன்றிகளை இருமவைத்தது. பிறகு விற்ற பன்றிகளோடு லாரி ஏறித் தெற்கே போனது.

மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 சாவு. பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்ற பிறகு நின்றது. நிறுத்த முடிந்ததற்குக் காரணம், இங்கே மனித உடலில் அது பெரும்பாலும் இரத்தக் குழாயையும் மூளையையும் தேடிப் போனதுதான். நோயாளி படுத்துவிடுவார், அவரிடமிருந்து பிறருக்குத் தாவியது அரிது. (2018இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோது கதை வேறு, பராமரித்தவர்களுக்கும் தொற்றியது.)

கொரோனாவோ, நிப்பா பன்றிகளிடம் செய்ததை நம்மிடம் செய்தது. மூக்கிலும் தொண்டையிலும் பெருகி, காய்ச்சல் தெரியும் முன்பே அடுத்தவருக்குப் போனது. போகிற வழியில் மாறவும் செய்தது. அதன் முள்புரதத்தில் 614ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் போய் கிளைசின் வந்தது. மாறியது ஒரே ஒரு கண்ணி. மனிதச் செல்லைப் பற்ற முள்ளுக்கு அது வசதியாகிவிட்டது. 2020 ஆகஸ்டில் கெடாவில், தமிழ்நாட்டிலிருந்து திரும்பியவர் வழியே பரவிய ‘சிவகங்கைத் திரளை’ என்ற தொற்றுக் கூட்டத்தில் இந்த மாற்றம் இருப்பதாகச் சுகாதாரத் தலைமை இயக்குநர் நோர் ஹிஷாம் அப்துல்லா அறிவித்தார். பத்து மடங்கு வேகம் என்று ஊரெல்லாம் பேச்சு. பின்னர் வந்த ஆய்வுகள் அவ்வளவு இல்லை என்றன. அதைவிட, உலகின் பெரும்பகுதியில் அப்போதே அந்த மாறிய வகைதான் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே சுங்கை நிப்பாவைப் போலவே பெயர் மட்டும் சிவகங்கைக்கு.