ஓரத்தில் எழுதிய ஒரு வரி!

குட்டீஸ், பென்சிலும் பேப்பரும் தயாரா? முதலில் ஒரு சின்னக் கணக்கு.

3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9. 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16. இரண்டையும் கூட்டுங்கள். 25 வருகிறதா? அது 5-ஐ 5-ஆல் பெருக்கினால் வரும் எண்! ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதுதான் 'வர்க்கம்'. இரண்டு வர்க்கங்களைக் கூட்டி மூன்றாவது வர்க்கத்தைப் பெற இன்னும் பல வழிகள் உண்டு. 5, 12, 13 ஆகிய எண்களைப் போட்டுப் பாருங்கள்.

சரி, இன்னொரு முறை பெருக்கினால்? 2 × 2 × 2 = 8. இது 2-ன் 'கனம்'. இரண்டு கனங்களைக் கூட்டி இன்னொரு கனத்தைப் பெற முடியுமா?

6-ன் கனம் 216. 8-ன் கனம் 512. கூட்டினால் 728. ஆனால் 9-ன் கனம் 729. அடடா, ஒன்று குறைகிறதே! 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 1729. நம் ராமானுஜன் பெயர் சொன்னாலே நினைவுக்கு வரும் எண் இது! 12-ன் கனமோ 1728. இப்போது ஒன்று கூடிவிட்டது!

"முடியவே முடியாது" என்றார் பிரான்ஸ் நாட்டின் ஃபெர்மா. 1637-ஆம் ஆண்டு வாக்கில், தான் படித்த கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் இதைக் குறித்து வைத்தார். கனம் மட்டுமல்ல, அதற்கு மேல் எத்தனை முறை பெருக்கினாலும் முடியாதாம். அதற்கு அருமையான நிரூபணம் இருக்கிறது, எழுத இடம்தான் போதவில்லை என்றும் எழுதிவிட்டார்!

கோடி எண்களைச் சோதித்து 'இல்லை' என்று சொன்னால் போதாதா? போதாது. அடுத்த எண்ணில் வந்துவிட்டால்? எண்களுக்குத்தான் முடிவே இல்லையே! அதனால் எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்து, எல்லா எண்களுக்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டும். நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்கணிதம் இதற்குத்தான் உதவுகிறது.

கனங்களுக்கு மட்டும் ஆய்லர் வழி கண்டார். பெண்களைக் கல்லூரியில் சேர்க்காத காலத்தில், ஆண் பெயரில் மேதைகளுக்குக் கடிதம் எழுதிக் கணிதம் வளர்த்த சோஃபி ஜெர்மெய்ன், மேலும் ஒரு படி முன்னேறினார். முழு விடை மட்டும் கிடைக்கவில்லை.

1963. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர நூலகத்தில், இந்தப் புதிரைப் பற்றிய புத்தகத்தை எடுத்தான் ஆண்ட்ரூ வைல்ஸ். வயது 10! 'கேள்வி எனக்கே புரிகிறதே, பெரியவர்களால் ஏன் முடியவில்லை?' என்ற ஆசை அவனை விடவில்லை.

வளர்ந்து பேராசிரியரான வைல்ஸ், 7 ஆண்டுகள் ரகசியமாக உழைத்தார். 1993 ஜூனில், "முடித்துவிட்டேன்" என்று கேம்பிரிட்ஜில் அறிவித்தார். உலகமே பாராட்டியது. ஆனால் சில மாதங்களில், நிரூபணத்தில் ஓர் ஓட்டை தெரிந்தது! ஏழு வருட உழைப்பும் வீணா?

வைல்ஸ் மனம் தளரவில்லை. தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரையும் சேர்த்துக்கொண்டு போராடினார். 1994 செப்டம்பரில், முன்பு தானே கைவிட்ட வழி ஒன்று அந்த ஓட்டையை அடைத்தது! 1995-இல் நிரூபணம் அச்சானது. 100 பக்கங்களுக்கும் மேல்! ஓரத்தில் எப்படி இடம் போதும்? 2016-இல் அவருக்குக் கணிதத்தின் உயரிய ஏபெல் பரிசு கிடைத்தது.

'எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது, எங்களுக்கு என்ன மிச்சம்?' என்கிறீர்களா? இதோ:

8 = 3 + 5. 20 = 7 + 13. 2-ஐ விடப் பெரிய எந்த இரட்டை எண்ணையும் இப்படி இரண்டு பகா எண்களின் கூடுதலாக எழுதலாம் என்பது, 1742 முதல் இருக்கும் கோல்ட்பாக் புதிர். இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

முதலில் 100-க்கு முயலுங்கள். 6 வழிகள் இருக்கின்றன. ஆறையும் பிடிக்க முடிகிறதா, பார்ப்போம்!

(விடை: 3 + 97, 11 + 89, 17 + 83, 29 + 71, 41 + 59, 47 + 53)