நுரைக்குள் மூன்று இனம்

நுரைப்பதெல்லாம் ஒன்றல்ல. சவர்க்காரத்தில் அழுக்கை நீக்கும் துகள் எதிர் மின்னூட்டம் உடையது. பென்சல்கோனியம் குளோரைடு கலந்த கிருமிநாசினியில் வேலை செய்வது நேர் மின்னூட்டம் உடையது. மின்னூட்டமே இல்லாத மூன்றாம் இனமும் உண்டு.

மூன்றும் கலந்திருந்தால் ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பிரிக்கிறார்கள்? கலவையை எரிசாராயத்தில் கரைத்து, அயனிமாற்றிப் பிசின் மணிகள் நிரப்பிய இரண்டு குழாய்களின் வழியே விடுவார்கள். முதற்குழாய், பண்டமாற்றுப்போல், தன் அயனியைக் கொடுத்து நேரினத்தை வாங்கிக்கொள்ளும். அடுத்தது எதிரினத்தை வாங்கும். மூன்றாம் இனம் தங்காமல் வெளியேறும். பிடிபட்டவற்றைத் தக்க கரைசலால் மீட்டு, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பார்கள்.

இதில் வீட்டுக்கும் பாடமுண்டு. நேரும் எதிரும் சேர்ந்தால் ஒன்றையொன்று பற்றி வலுவிழக்கும். பிள்ளைகள் தவழும் தரையைச் சவர்க்காரமிட்டுக் கழுவினால், நன்றாக அலசிய பிறகே அத்தகைய கிருமிநாசினியை ஊற்றுங்கள். இல்லையேல் காசும் வீண், கிருமியும் சாகாது.